இளவயது மாரடைப்பு நடந்த வீட்டில் பிள்ளைகளின் கொலஸ்ட்ரோலையும் பாருங்கள்

என் மூத்த நானா 41 வயதில் மாரடைப்பால் மௌத்தானார். எங்கள் வாப்பாவும் அதே போல 47 வயதில் போனவர்தான். ஜனாஸா வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "அவர்ட ஹயாத்து அவ்வளவுதான்" என்றார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இரண்டு ஜனாஸாக்களுக்கும் இடையில் 19 வருடங்கள் இருந்தன. அத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட இரத்தம் சோதித்துப் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எனக்காக ஓர் இருதய வைத்திய நிபுணரிடம் போனேன். குடும்ப விபரங்களைக் கேட்ட அவர், என் குதிகாலுக்கு மேலுள்ள நரம்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்கட நானாவுக்கு இந்த இடத்தில தடிப்பு இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. செருப்பு உராய்ந்த தடிப்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது நரம்பில் படிந்த கொலஸ்ட்ரோல். அடுத்து அவர் கேட்டது: "நானாட பிள்ளைகளுக்கு கொலஸ்ட்ரோல் பார்த்தீங்களா?"

பிள்ளைகளுக்கா? மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. இரண்டு பேரும் மெலிந்த பிள்ளைகள். இருந்தும் சோதித்தோம். மகனின் எல்டிஎல் 112. மகளுக்கு 248.

நான் வைத்தியன் அல்ல. இந்த ஒரு வருடத்தில் வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் விளங்கிக்கொண்டதையே எழுதுகிறேன்.

இது சாப்பாட்டால் வந்ததல்ல

கொலஸ்ட்ரோல் என்றதும் நாம் சஹன் சாப்பாட்டையும் மாட்டிறைச்சியையும் நெய்யையும் குற்றம் சொல்வோம். பெரியவர்கள் பலருக்கு அது பொருந்தும். இது வேறு. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து பிடித்து எடுப்பது ஈரலிலுள்ள வாங்கிகள். இவற்றைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்டைன் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. பரம்பரைக் குறைபாடு உள்ளவர்களில் இந்த வாங்கிகள் சரியாக வேலை செய்வதில்லை. பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் கூடி, நாடிகளில் படியத் தொடங்குகிறது. 40 வயதில் வரும் மாரடைப்புக்கான வேலை தொட்டிலிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

உலகளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இது உள்ளது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. ஆண், பெண் என்ற வேறுபாடு கிடையாது.

யாருக்குச் சோதிக்க வேண்டும்?

வாப்பா, உம்மா, அவர்களின் கூடப்பிறந்தவர்கள், மூத்தாப்பா, மூத்தம்மா ஆகியோரில் ஆண் 55 வயதுக்கு முன்னரோ பெண் 60 வயதுக்கு முன்னரோ மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோதிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரோல் மிக அதிகமாக இருந்தாலும் அப்படியே.

ஐந்து வயதிலிருந்து பத்து வயதுக்குள் பார்ப்பது நல்லது. பருவமடையும் காலத்தில் எல்டிஎல் தானாகவே சற்றுக் குறைவதால் நோய் மறைந்துவிடலாம். அதனால்தான் 13 வயது மகனுக்கு 112 வந்தும், சில வருடம் கழித்து மீண்டும் பார்க்கச் சொன்னார்கள். காய்ச்சல் வந்து குணமான கையோடும் சோதிக்க வேண்டாம். அப்போதும் அளவு குறைத்துக் காட்டும்.

பிள்ளையின் உடம்பில் அடையாளம் தேடி ஏமாற வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளில் வெளியே எதுவும் தெரியாது. இரத்தம்தான் சொல்லும். ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் பார்க்காமல் எல்டிஎல் என்ற வரியைப் பாருங்கள்.

டெசிலீற்றருக்கு 130 மில்லிகிராமுக்கு மேல் போனால் ஒரு பிள்ளைக்கு அது கூடுதல். மூன்று மாதம் உணவைத் திருத்திய பிறகும் இரண்டு தடவை 190ஐ எட்டினாலோ தாண்டினாலோ, பரம்பரை நோயாக இருக்கவே சாத்தியம் அதிகம். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ, பெற்றோரில் ஒருவருக்கு அதிக கொலஸ்ட்ரோலோ இருந்தால் 160 போதும். தைரொயிட் குறைபாடும் சில சிறுநீரக நோய்களும் எல்டிஎல்லைக் கூட்டும் என்பதால், வைத்தியர் அவற்றையும் பார்த்த பிறகே முடிவு சொல்வார்.

பிள்ளைக்கு மருந்தா?

மதனி அழுதது இதற்குத்தான். உணவுக் கட்டுப்பாடும் விளையாட்டும் அவசியம், ஆனால் அவற்றால் மட்டும் இந்த எல்டிஎல்லைப் போதியளவு இறக்க முடியாது. எட்டு முதல் பத்து வயதுக்குள் ஸ்டேட்டின் வகை மாத்திரை தொடங்குவதே வழமை.

நெதர்லாந்தில் இந்நோயுள்ள 214 பிள்ளைகளுக்குச் சிறுவயதில் ஸ்டேட்டின் கொடுத்து, 20 வருடங்கள் பின்தொடர்ந்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 39 வயதுக்குள் இருதய, இரத்தக்குழாய் நோய்க்கு ஆளானவர்கள் அவர்களில் 1 சதவீதம். சிறுவயதில் இந்த மருந்து கிடைக்காத அவர்களின் பெற்றோரில், அதே வயதுக்குள் 26 சதவீதம். எங்கள் வாப்பாவுக்கும் நானாவுக்கும் கிடைக்காதது இதுதான்.

பெண்பிள்ளைகள் வளர்ந்து தாயாக நினைக்கும்போது, கர்ப்பத்துக்கு முன்னரே மருந்து பற்றி வைத்தியரிடம் பேச வேண்டும்.

மறைப்பதுதான் ஆபத்து

ரிப்போர்ட் வந்த அன்று மதனி சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "யாருக்கும் சொல்லாதீங்க தம்பி. நாளைக்கு பொம்புளப் புள்ளக்கி மாப்புள பேசணும்."

அவரின் பயம் நியாயமானது. நம் ஊர்களில் பெண்பிள்ளைக்கு ஒரு மாத்திரை என்றால் பத்துக் கதை கட்டுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறைத்துவிட்டு, சொந்தத்துக்குள் மச்சானுக்கே கட்டிக்கொடுத்தால், அவருக்கும் அதே குறைபாடு இருக்கக்கூடும். அப்படியானால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் சேர்ந்து வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. அது மிகக் கடுமையான வடிவம். சிறுவயதிலேயே முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் தடிப்புகள் வரும், இருபது வயதுக்கு முன்னரே மாரடைப்பு வரலாம். நெருங்கிய உறவில் மணமுடித்த லெபனான் குடும்பங்களில் இது பரவும் விதத்தை 1960களிலேயே வைத்தியர்கள் எழுதிவைத்துள்ளனர்.

மச்சானைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு பேரின் இரத்தத்தையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறேன். மாத்திரை எடுக்கும் பெண் நோயாளி அல்ல. மற்றவர்களைப் போலப் படிப்பாள், ஓடுவாள், இன்ஷா அல்லாஹ் பேரப்பிள்ளைகளையும் காண்பாள்.

நானும் சோதித்தேன். எனக்கு 226, மாத்திரை எடுக்கிறேன். சாச்சாமார், மாமிமார், அவர்களின் பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லிவருகிறேன். சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் சாச்சாவின் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு இருப்பது இப்படித்தான் தெரியவந்தது.

அடுத்த முறை 40 வயதுக்காரர் ஒருவரின் ஜனாஸாவுக்குப் போய்வந்தால், சில நாட்கள் பொறுத்து அந்த வீட்டாரிடம் இதமாகக் கேளுங்கள்: "புள்ளைகளுக்கு கொலஸ்ட்ரோல் பார்த்தீங்களா?"