பர்மா அரிசியும் ரேஷன் வரிசையும்

திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ரேஷன் கடை வரிசை புதிதல்ல. அந்த வரிசையின் வேர் ரங்கூன் வரை போகிறது என்றால் நம்புவீர்களா?

இரண்டாம் உலகப்போருக்கு முன் இந்தியா ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் அரிசியை பர்மாவிலிருந்து வாங்கியது. நாட்டின் மொத்த விளைச்சலோடு பார்த்தால் சிறு பங்குதான். ஆனால் சென்னை மாகாணம், திருவிதாங்கூர், வங்காளம் ஆகியவை அதை நம்பியிருந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது, அரிசிக் கப்பல்களும் நின்றன.

அரசு முதலில் கைவைத்தது விலையில். சரக்கு கையில் இல்லாமல் விலையை மட்டும் கட்டினால் என்ன ஆகும்? அரிசி கடையிலிருந்து மறைந்து கள்ளச்சந்தையில் முளைத்தது. 1943-ல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது (அதற்கு வேறு காரணங்களும் உண்டு).

அதே ஆண்டு உணவு தானியக் கொள்கைக் குழு, லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் நகரங்களில் ரேஷன் வேண்டும், பெரியவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் என்றது. அதாவது சுமார் 450 கிராம். குழம்பு, காய் அதிகமில்லாத மில் தொழிலாளிக்கு இது போதுமா! கோவை அந்த வரம்புக்குள் வந்தது. திருப்பூர் அப்போது சிறிய ஊர். பிறகு மாகாண அரசு சிற்றூர்களுக்கும் கட்டுப்பாட்டை நீட்டியது.

போர் முடிந்தும் இது தீரவில்லை. 1947 டிசம்பரில் தளர்த்தி, 1948-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். 1952 ஜூனில் முதல்வர் ராஜாஜி சென்னை மாகாணத்தில் ரேஷனை நீக்கினார். பலர் பயந்த அளவுக்கு விலை எகிறவில்லை. மத்திய அரசிடம் அப்போது கையிருப்பு இருந்ததைத்தான் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.