கோவை உரச் சோதனைகளும் காய்கறிக்கான கூட்டு உரமும்

தொழுவுரமா, இரசாயன உரமா என்னும் கேள்விக்குக் கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி வயல்கள் நீண்ட காலமாக விடை சொல்லி வருகின்றன. இங்கு நிரந்தர உரச் சோதனை 1909-இல் தொடங்கியது. ஒவ்வொரு பாத்திக்கும் ஆண்டுதோறும் ஒரே வகை உரம் இடப்பட்டது. இரண்டையும் சேர்த்து இடும் நீண்டகாலச் சோதனை 1972-இல் கேழ்வரகு, மக்காச்சோளப் பயிர்களில் தொடங்கியது. பரிந்துரைத்த இரசாயன உரத்துடன் எக்டேருக்கு 10 டன் தொழுவுரமும் பெற்ற பாத்திகளே மகசூலில் முன்னின்றன. இரசாயன உரம் சத்தை விரைவில் தருகிறது. தொழுவுரம் மண்ணில் கரிமத்தைக் கூட்டி, ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கிறது.

காய்கறிக்கும் இதுவே நெறி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கத்தரி இரகங்களுக்கு எக்டேருக்கு 25 டன் தொழுவுரத்துடன், தழை, மணி, சாம்பல் சத்துகளை முறையே 50, 50, 30 கிலோ அடியுரமாகவும், நட்ட 30-ஆம் நாள் 50 கிலோ தழைச்சத்தை மேலுரமாகவும் பரிந்துரைக்கிறது. மாட்டை விற்றுவிட்டு யூரியா மூட்டையை மட்டும் நம்பினால், மண்ணுக்குச் சேர வேண்டிய பங்கு விடுபட்டுப்போகும்.