குப்பி விளக்கிலிருந்து எல்இடி வரை: எங்கட வெளிச்சத்துக்கு யார் காசு கட்டினது?

ஒரு வீட்டில் நாலு லைட் எரியுது என்று வைப்போம். நாலும் 60 வாட் குண்டு பல்ப். மஃரிபிலிருந்து படுக்கப் போகும் வரை ஐந்து மணித்தியாலம். மாதத்துக்கு 36 யூனிட் வரும். அதே நாலு இடத்திலும் 9 வாட் எல்இடி போட்டால் 5.4 யூனிட்தான். வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று.

கணக்கு இவ்வளவு லேசு என்றால், எங்கட ஊர்களில் ஏன் இவ்வளவு காலம் குண்டு பல்ப் எரிந்தது? "சனத்துக்கு விளங்கல்ல" என்று சொல்லிட்டுப் போகலாம். ஆனா வெளிச்சத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அந்தப் பதில் நிற்காது.

உம்மம்மாமார்ட காலத்தில கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோரத்தின் இரவு பெரும்பாலும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. வீட்டுக்குள்ள குப்பி விளக்கு. வெளியில போக அரிக்கன் லாம்பு. கலியாண வீட்டுக்கும் கந்தூரிக்கும் பெற்றோமெக்ஸ். ஒரு சாதாரண திரி விளக்கு தரும் வெளிச்சம் 60 வாட் பல்பு தருவதில் இருபதில் ஒரு பங்கும் வராது. அந்த வெளிச்சத்திலதான் ஓதினாங்க, படிச்சாங்க, கிழிஞ்ச வலையைப் பின்னினாங்க.

அதுக்குக் கொடுத்த விலை எண்ணெய்க் காசு மட்டும் இல்ல. குப்பி சரிஞ்சா பாயும் பிடிக்கும், பிள்ளையின் சட்டையும் பிடிக்கும். இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் அப்படி எரிகாயத்தோடு வந்தவர்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, 1990களின் தொடக்கத்தில் பாதுகாப்பான குப்பி விளக்கு ஒன்றை வடிவமைத்தார். கட்டையான, பாரமான கண்ணாடிப் போத்தல். உருண்டு ஓடாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. திரி நிற்கும் மூடி திருகி இறுக்குவது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. யோசிச்சுப் பாருங்க: இருபதாம் நூற்றாண்டு முடியப்போகிற நேரத்திலும், சரியாத ஒரு குப்பி விளக்கு இந்த நாட்டுக்கு அவசரத் தேவையாக இருந்தது.

மின்சாரம் அதுக்கு முதலே வந்துட்டுது என்பதுதான் இதில் உள்ள முரண். கொழும்புக் கோட்டைக்கு 1895இல் மின்சாரம் கிடைத்தது. மலைநாட்டு ஆற்றுத் தண்ணியில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் கட்டுரை எழுதினார். லக்சபான இயங்கத் தொடங்கியது 1950இல். கருத்துக்கும் கரண்டுக்கும் நடுவில் 32 வருசம்.

எங்கட பக்கத்தில் கல்லோயா இருக்கு. நாங்க பட்டிப்பளை ஆறு என்று சொல்லும் அதே ஆறுதான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை எழுந்தது. அங்க சுமார் 11 மெகாவாட் மின்நிலையமும் வந்தது. வயலுக்கு வந்த தண்ணியைப் பற்றி எங்கட பெரியவங்க நிறையக் கதைப்பாங்க. அந்தத் திட்டத்தில் காணி யாருக்குப் போனது, தண்ணி யாருக்கு முதல் கிடைத்தது என்பது இன்றைக்கும் ஆறாத கதை. வெளிச்சத்துக்கும் அதே கேள்வி இருக்கு. அணை பக்கத்தில் இருந்தாலும் கம்பி எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் வரல்ல. இணைப்புக்குக் காசு கட்ட முடிந்த வீட்டுக்கு முதல், மற்ற வீட்டுக்குப் பிறகு.

கம்பி வந்த வீட்டில் எரிந்தது குண்டு பல்ப். அது இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சூடாகப் போகும், மிச்சம்தான் வெளிச்சம். அந்தப் பல்ப் எவ்வளவு காலம் எரிய வேண்டும் என்பதையும் எங்களைக் கேட்டு யாரும் முடிவெடுக்கல்ல. 1924இல் ஜெனீவாவில் ஒஸ்ராம், பிலிப்ஸ் உட்பட உலகின் பெரிய பல்ப் கம்பனிகள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை உண்டாக்கின. பல்பின் ஆயுள் 1000 மணித்தியாலம் என்று தீர்மானித்தன. அதைவிடக் கூட எரியும் பல்ப் செய்தால் தண்டம். ஆயுள் குறைஞ்சா விற்பனை கூடும், விசயம் அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரோடு கூட்டமைப்பு குலைந்தது. 1000 மணித்தியாலம் என்ற வழக்கம் நீண்ட காலம் நின்றது.

அப்ப சிக்கன பல்ப் எப்ப வந்தது? மழை பொய்த்தபோது. 1990களில் இலங்கையின் மின்சாரம் பெரும்பாலும் நீரை நம்பியிருந்தது. 1996இல் வறட்சி வந்தது, நாடு மணிக்கணக்கில் இருண்டது. 2001, 2002இலும் அதே கதை. அந்தப் பத்தாண்டில்தான் மின்சார சபை சிஎப்எல் பல்புகளைத் தவணைக்குக் கொடுத்து, காசை மாத பில்லோடு அறவிடும் வழியைக் கையாண்டது. நல்ல யோசனை, ஏனென்றால் தடை எங்கே என்று அது சரியாகப் பிடித்தது. அன்றாடம் உழைக்கிற ஒருவர் கடையில் நின்று, பல மடங்கு விலை கூடிய பல்பை வாங்கி இலாபத்தை வருசக் கணக்கில் எதிர்பார்த்திருக்க முடியாது. அவருக்கு இன்றைக்கு இரவு வெளிச்சம் வேணும், சட்டைப்பையில் இருப்பது குண்டு பல்புக்குரிய காசு. விளங்காமை இல்ல, கையில் காசில்லாமை. ஆனா மின் இணைப்பே இல்லாத வீட்டுக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்ல. அந்த வீட்டில் குப்பி விளக்கு தொடர்ந்தும் எரிந்தது.

இப்ப எங்கட கையில் இருப்பது எல்இடி. சிவப்பு எல்இடி 1962லேயே வந்துட்டுது. வெள்ளை வெளிச்சத்துக்கு நீல எல்இடி வேணும், அதுக்கு 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்களுக்கு எல்இடியின் அருமையைப் படிப்பித்தது நோபல் இல்ல, 2022. எரிபொருள் வாங்க டொலர் இல்லாமல் மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. சாதாரண தரம் எழுத இருந்த பிள்ளைகள் அந்த இருட்டுக்குள்ளதான் படிச்சாங்க. பிறகு பில் வந்தது. 2022 ஓகஸ்டுக்கு முதல், 30 யூனிட் எரித்த வீடு நிலையான கட்டணத்தோடு சேர்த்து 105 ரூபா கட்டியது. 2023 பெப்ரவரியில் அதே 30 யூனிட்டுக்கு 1300 ரூபா. பிறகு கட்டணம் குறைக்கப்பட்டாலும் அந்த அடி மறக்கல்ல. ஆகக் குறைவாகப் பாவித்த வீட்டுக்குத்தான் ஏற்றம் பன்னிரண்டு மடங்கு. முதலில் போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. நாலு குண்டு பல்புக்கும் நாலு எல்இடிக்கும் உள்ள வித்தியாசமே 30 யூனிட்.

ஆகவே பல்ப் தெரிவு செய்வது சின்ன விசயம் இல்ல. கடைக்குப் போனால் இவற்றைப் பாருங்க:

வாட்டைப் பார்த்து வெளிச்சத்தை மதிக்காதீங்க. வாட் என்பது அது தின்னும் மின்சாரம், லுமன் என்பது அது தரும் வெளிச்சம். 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 700, 800 லுமன் போதும்.

பெட்டியில் கெல்வின் என்று இருக்கும். 2700 என்றால் மஞ்சள், 6500 என்றால் பால் வெள்ளை. இது ரசனை, செலவு இல்ல.

உத்தரவாதம் எத்தனை வருசம் என்று கேட்டு, பற்றுச்சீட்டை வைச்சுக்கொள்ளுங்க. எல்இடி செத்தால் பெரும்பாலும் சாவது உள்ளே இருக்கும் சின்ன மின்சுற்று. சூடு அதுக்கு எதிரி, அதால காத்துப் போகாத மூடிய கூட்டுக்குள்ள போடாதீங்க.

எல்லாத்தையும் ஒரே நாளில் மாற்றக் காசு இல்லையா? ஆகக் கூட நேரம் எரியும் லைட்டை முதலில் மாற்றுங்க. மிச்சத்தை அது தரும் இலாபத்தில் மாற்றலாம்.

பழைய சிஎப்எல் உடைஞ்சா கையால் அள்ளாதீங்க, உள்ளே பாதரசம் இருக்கு. யன்னலைத் திறந்து வைச்சு, ஈரக் கடதாசியால் ஒற்றி எடுங்க.

கடைசியாக ஒன்று. "சிக்கனமாக இருங்க" என்ற புத்திமதி எங்கட சனத்துக்குப் புதுசில்ல. எண்ணெய் முடியப் போகுது என்று திரியைத் தணிச்சு வைச்ச பரம்பரை இது. அவங்களுக்கு இல்லாமல் போனது புத்தி இல்ல, முதல் பல்பை வாங்கும் காசு. பள்ளிவாசல் நிர்வாகமோ, இளைஞர் கழகமோ, மாதர் சங்கமோ ஊரில் ஒரு சுழற்சி நிதி வைத்து, பத்து வீட்டுக்கு எல்இடி வாங்கிக் கொடுத்துத் தவணையில் திருப்பி எடுக்கலாம். மின்சார சபை 1990களில் செய்ததை ஊர் தன்ட கையால் செய்ய முடியாதா என்ன? அதுவும் மின்வெட்டு இல்லாத ஒரு காலத்தில், அடுத்த வறட்சி வர முதல்.