குரோமேட் காப்புப் பூச்சுக்கு மாற்று (வானூர்தித் தொழில்)

விமானத்தின் அலுமினியப் பாகங்களை அரிப்பிலிருந்து காக்க ஒரு நூற்றாண்டாகப் பயன்படும் நச்சுக் குரோமியச் சேர்மங்களை விலக்கி, அதே காப்பை வேறு வழியில் பெறும் முயற்சி இது.

முதல் உலகப் போருக்குப் பின் கடல் விமானங்கள் டியூராலுமின் தகட்டால் கட்டப்பட்டன. அதில் சுமார் 4 சதவீதம் இருக்கும் செம்பு உறுதி தரும். உப்பு நீர் பட்டால் அதே செம்பு அரிப்பைத் தூண்டும். லண்டனிலிருந்து இயங்கிய உலோகவியல் கழகத்துக்காக அரிப்பை ஆராய்ந்த பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் 1923இல் இதற்குத் தீர்வு கண்டு காப்புரிமை பெற்றனர். 40 டிகிரி சூட்டில் இருக்கும் குரோமிக் அமிலத் தொட்டியில் பாகத்தை இறக்கி, நேர்மின்முனையில் இணைத்து, மின்னழுத்தத்தை மெல்ல 40 வோல்ட்டுக்கும் பிறகு 50க்கும் ஏற்றினால், சில மைக்ரான் தடிமனுள்ள ஆக்சைடு படலம் வளரும்; ஆனோடைசிங் என்பது இதுதான். இன்னொரு பயனும் உண்டு: கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் புகுந்த அமிலம், கழுவிய பின் பழுப்புக் கறையாகக் கசிந்து விரிசலைக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் தொட்டியில் எழும் வாயுக் குமிழ்கள் உடையும்போது அமிலம் நுண்துளியாகக் காற்றில் கலக்கிறது. குரோமிய நிறமித் தொழிலாளி ஒருவருக்கு மூக்கில் புற்று வந்ததை கிளாஸ்கோ மருத்துவர் 1890இலேயே பதிவு செய்தார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்திலுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களுக்கான முதல் பிரிவில் சேர்த்தது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அந்தத் தாமதம் மன்னிக்கத்தக்கதல்ல. இந்தக் குரோமியத்தின் நச்சு தமிழ்நாட்டின் ராணிப்பேட்டை மக்களுக்குப் பழக்கமானது. 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் அங்கே நிலத்தடி நீரைக் கெடுத்தது.

மாற்று கிடைப்பது ஏன் இவ்வளவு கடினம்? பூச்சில் கீறல் விழுந்தால் குரோமேட் ஈரத்தில் கரைந்து, கீறிய இடத்துக்கு நகர்ந்து, கரையாத படலமாக மாறி அதை மூடிவிடுகிறது. இந்த வேலையை அதே திறத்தோடு செய்யும் வேறு பொருள் எளிதில் அகப்படவில்லை. அதனால் அடுக்கு அடுக்காகத்தான் மாற்ற முடிகிறது. ஆனோடைசிங் தொட்டிக்கு வழி பிறந்துவிட்டது: போயிங் போரிக்-சல்பியூரிக் அமிலக் கலவையையும், ஏர்பஸ் டார்டாரிக்-சல்பியூரிக் கலவையையும் கையாள்கின்றன. தகட்டின் மேல் இடும் மெல்லிய வேதிப்பூச்சில், நச்சு மிகக் குறைந்த மூன்று இணைதிறன் குரோமியம் இடம்பிடித்திருக்கிறது. ஆனால் புதிய படலங்களுக்குத் தாமாக ஆறும் குணம் குறைவு. அந்தப் பொறுப்பு அதன் மேல் அடிக்கும் பிரைமர் என்ற அடிவண்ணத்தின் மீது விழுகிறது. பிரைமரிலோ ஸ்ட்ரான்சியம் குரோமேட் இன்னும் இருக்கிறது. லித்தியம் உப்புகள், மெக்னீசியத் தூள் கலந்த பிரைமர்கள் வந்துள்ளன. உப்புத்தூவல் பெட்டியில் 336 மணி நேரம், அதாவது 14 நாள், தாங்கினால் ஆனோடைசிங் படலம் தேர்ச்சி பெறும். விமானமோ முப்பது ஆண்டு பறக்க வேண்டும்.



ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21 முதல், குரோமிக் அமிலத்தின் மூலப்பொருளான குரோமியம் டிரையாக்சைடைப் பயன்படுத்த அனுமதி கட்டாயம். 2021 முதல் பிரிட்டனுக்குத் தனிச் சட்டம்: விண்ணப்பத்தைச் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் ஆராய்கிறது, முடிவு லண்டனிலுள்ள சுற்றுச்சூழல் துறை அமைச்சரிடம். பிரித்துப் பார்க்க முடியாத இணைப்புகளில் அடிக்கும் பிரைமருக்குக் கால நீட்டிப்பு கேட்பதில் நியாயம் இருக்கிறது. மாற்று நிரூபணமான பாகங்களுக்கும் குரோமிக் அமிலத் தொட்டியே வேண்டும் என்று கேட்பதில் அந்த நியாயம் இல்லை.