நானோலித்தோகிராஃபி

நானோலித்தோகிராஃபி என்பது ஒரு பரப்பின்மேல் சுமார் 100 நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள கோடுகளையும் துளைகளையும் திட்டமிட்ட வடிவில் உருவாக்கும் நுட்பங்களின் பொதுப்பெயர். ஒரு நானோமீட்டர், மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணினி, கைப்பேசிச் சில்லுகளே இதன் முதன்மைப் பயன். இதன் வரலாற்றை, கோடு நாளுக்கு நாள் மெலிந்துவந்த கதையாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். பத்து நானோமீட்டருக்கும் குறைந்த கோட்டை இழுக்கும் திறமை 1970களிலேயே கைக்கு வந்துவிட்டது. மெல்லிய கோடுகளை, சில்லுகளாக வெட்டப்படும் வட்டத் தகடுகளான வேஃபர்களில் மணிக்கு நூறுக்குமேல் பதிப்பதுதான் பல பத்தாண்டுகளை விழுங்கியது.

வேர் அச்சுத் தொழிலில் இருக்கிறது. பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1796 வாக்கில் சுண்ணாம்புக்கல்லைக்கொண்டு கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். 1820களில் பிரான்சின் நிசெஃபோர் நியெப்ஸ் ஒருவகைத் தாரைத் தகட்டில் பூசி வெயிலில் வைத்தார். ஒளி பட்ட இடம் இறுகியது, படாத இடம் எண்ணெயில் கரைந்தது. ஒளி பட்டால் கரைதிறன் மாறும் இத்தகைய பூச்சுக்கு இன்றைய பெயர் ரெசிஸ்ட். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவ ஆய்வகம் ஒன்றில் ஜே லாத்ரப், ஜேம்ஸ் நால் இருவரும் கோடாக் நிறுவனத்தின் ரெசிஸ்ட்டைக் குறைகடத்தியில் பூசி, நுண்ணோக்கியைத் தலைகீழாகப் பயன்படுத்தி உருவத்தைச் சுருக்கி விழச்செய்தனர். மாஸ்க் எனும் மூலத்தகட்டில் உள்ள வடிவை ஒளியால் ரெசிஸ்ட்டில் பதித்து, கழுவி, மறைவில்லாத இடத்தை அரித்தெடுப்பது என்ற வரிசை அன்றுமுதல் மாறவில்லை.

எலெக்ட்ரானின் பாதையும் ஏறத்தாழ அதே காலத்தில் திறந்தது. 1959 டிசம்பரில் கால்டெக்கில் பேசிய ரிச்சர்ட் ஃபெயின்மன், புத்தகப் பக்கம் ஒன்றை 25,000 மடங்கு சுருக்கி எழுதுபவருக்கு 1,000 டாலர் தருவதாக அறிவித்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் ட்யூபிங்கனில் மோலன்ஸ்டெட்டும் ஸ்பைடலும் எலெக்ட்ரான் கற்றையால் நுண்ணெழுத்துகளை எழுதிக்காட்டினர். 1968இல் ஐபிஎம்மின் மைக்கேல் ஹட்ஸாகிஸ், அக்ரிலிக் கண்ணாடியின் மூலப்பொருளான பிஎம்எம்ஏ சிறந்த எலெக்ட்ரான் ரெசிஸ்ட் என்று நிறுவினார். 1976இல் அதே நிறுவனத்தின் அலெக் புரோவர்ஸ் குழு 8 நானோமீட்டர் அகல உலோகக் கோடுகளை உருவாக்கியது. ஃபெயின்மனின் பரிசு 1985 வரை காத்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன், டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவலின் முதல் பக்கத்தை எழுதிமுடித்தபின், அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது.

இவ்வளவு நுட்பமான கருவி ஏன் தொழிற்சாலையை ஆளவில்லை? எலெக்ட்ரான் கற்றை புள்ளி புள்ளியாக எழுதுகிறது. ஒளியோ முழு வடிவையும் ஒரே வீச்சில் அச்சடிக்கிறது. ஆகவே தொழில்துறை ஒளியையே பிடித்துக்கொண்டு, அதன் அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. பதியும் கோட்டின் குறைந்தபட்ச அகலம் அலைநீளத்துக்கு நேர்விகிதத்திலும், ஒளியை அகன்ற கோணத்திலிருந்தும் அள்ளிச்சேர்க்கும் லென்ஸின் திறனுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். பாதரச விளக்கின் 436, 365 நானோமீட்டர் ஒளிக்குப் பிறகு எக்ஸைமர் லேசர் வந்தது. 1982இல் ஐபிஎம்மில் கான்தி ஜெயின் குழு அதை லித்தோகிராஃபிக்குப் பயன்படுத்திக்காட்டியது. லேசரின் புகழில் வேதியியலின் பங்கு மறைந்துபோவது நியாயமல்ல. புதிய அலைநீளத்தில் கிடைத்த மங்கிய ஒளி பழைய ரெசிஸ்ட்டுக்குப் போதவில்லை. ஐபிஎம்மில் ஹிரோஷி இடோ, கிராண்ட் வில்சன், ஜான் ஃப்ரெஷே ஆகியோர் உருவாக்கிய ரெசிஸ்ட்டில், ஒளியால் பிறக்கும் ஒரு அமில மூலக்கூறு சூடாக்கும்போது பல வினைகளைத் தூண்டும். காற்றில் துளி அம்மோனியா கலந்திருந்தாலும் அந்த அமிலம் செத்துவிடும் என்பதால், ஆலைகளின் காற்று வடிகட்டிகளையே மாற்ற வேண்டியிருந்தது.

எக்ஸைமர் லேசரின் 193 நானோமீட்டர் ஒளிக்கு அடுத்து 157 என்று தொழில்துறை கணக்குப் போட்டிருந்தது. அதற்கான கால்சியம் ஃபுளோரைடு லென்ஸ்கள் படாதபாடு படுத்தின. தைவானின் சில்லுத் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியில் இருந்த பர்ன் லின், லென்ஸுக்கும் வேஃபருக்கும் இடையே தண்ணீரை நிரப்பினால் போதும் என்று 2002இல் வாதிட்டார். நீரின் ஒளிவிலகல் எண் 1.44, அதனால் 193 நானோமீட்டர் ஒளி 134 போல நடந்துகொள்ளும். 157 திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்த தாவல் 13.5 நானோமீட்டருக்கு. இந்த அதிப்புறஊதா ஒளியில் உருவம் பதியும் என்று ஜப்பானின் ஹிரூ கினோஷிதா 1986இல் அறிவித்தபோது நம்பியவர் குறைவு. கண்ணாடியும் காற்றும்கூட இந்த ஒளியை விழுங்கிவிடும். எனவே எல்லாம் வெற்றிடத்தில் நடக்கிறது. லென்ஸுக்குப் பதில் மாலிப்டினம், சிலிக்கான் அடுக்குகள் மாறிமாறிப் படிந்த ஆடிகள். ஒவ்வொரு ஆடியும் சுமார் 70 விழுக்காட்டை மட்டுமே திருப்பும் என்பதால், வேஃபரை எட்டுவது சில விழுக்காடுதான். ஒளி பிறக்கும் விதம் இன்னும் வியப்பு: விநாடிக்கு 50,000 உருகிய வெள்ளீயத் துளிகள் பறக்கின்றன, லேசரின் முதல் அடி ஒவ்வொரு துளியையும் தட்டையாக்க, இரண்டாம் அடி அதைப் பிளாஸ்மாவாக்குகிறது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டுமே விற்கும் இந்தப் பொறிகளால் 2019 வாக்கில்தான் பெருமளவு உற்பத்தி தொடங்கியது.

ஒளியையே நாடாத வழிகளும் உண்டு. 1995இல் ஸ்டீஃபன் சௌ, அச்சுக்கட்டையை பாலிமரில் அழுத்தி 25 நானோமீட்டர் வடிவங்களை எடுத்தார். இந்த நானோ அச்சழுத்த முறையில் சில்லு தயாரிக்கும் பொறியை கேனன் 2023இல் விற்பனைக்கு அறிவித்தது. 1999இல் சாட் மிர்கின் குழு, அணுவிசை நுண்ணோக்கியின் முனையில் மூலக்கூறு மையைத் தோய்த்து எழுதியது. 1989இல் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி ஐபிஎம் என்று எழுதியதே நுண்மையின் எல்லை. இந்தக் கடைசி இரண்டும் ஆய்வகத்துக்கு அருமையான கருவிகள், ஆனால் வேகத்தில் பின்தங்கியவை.

எலெக்ட்ரான் கற்றையும் ஓய்வுபெறவில்லை. அதிப்புறஊதாப் பொறியில் வைக்கும் மாஸ்க்குகளை எழுதுவது அதுதான். ஆஸ்திரியாவின் ஐஎம்எஸ் நிறுவனத்தின் பொறி 2,62,144 கற்றைகளை ஒரேநேரத்தில் இயக்கி அந்த வேலையைச் செய்கிறது.