பெங்களூர்த் தண்டும் சர்ச்சிலின் அரசியல் நுழைவும்

முன்னுரை

படைத்தொழிலை அரசியலுக்கு முதலாக்கிக்கொண்டவர்களுள் வின்ஸ்டன் சர்ச்சில் குறிப்பிடத்தக்கவர். 1896 முதல் 1899 வரை நான்காம் ஹுசார் குதிரைப்படையின் இளநிலை அதிகாரியாக அவர் பெங்களூர்த் தண்டில் இருந்தார். அக்காலம் அவருடைய அரசியற் பயிற்சிக் காலமாக அமைந்த முறையையும், அப்பயிற்சிக்கு வேண்டிய ஓய்வு யாருடைய உழைப்பால் வாய்த்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோள் ஊறு

1896 அக்டோபரில் பம்பாய் சசூன் துறையில் கரையேறும்போது சர்ச்சில் சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பற்றினார். அலையில் படகு தாழவே, வலத்தோள் மூட்டு பிசகியது. இது போர்ப்புண் அன்று. எனினும் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. மேற்கையை உடலோடு கட்டிக்கொண்டே போலோ ஆடினார். 1898 செப்டம்பர் 2இல் சூடானின் ஓம்துர்மான் போரில் வாளை விடுத்துக் கைத்துப்பாக்கியை ஏந்தியதற்கும் இவ்வூறே காரணம். அதனாலேயே உயிர் பிழைத்திருக்கக்கூடும் என்னும் கருத்தைத் தம் ‘மை எர்லி லைஃப்’ (1930) நூலில் அவர் வெளியிட்டுள்ளார்.

நூல்வழிப் பயிற்சி

சர்ச்சில் பல்கலைக்கழகம் சென்றவர் அல்லர். அக்குறையை நீக்க, தாயார் அனுப்பிய கிப்பன், மெக்காலே ஆகியோரின் வரலாற்று நூல்களை நாள்தோறும் நான்கைந்து மணிநேரம் கற்றார். ‘ஆனுவல் ரெஜிஸ்டர்’ தொகுதிகளில் நாடாளுமன்ற விவாதம் ஒன்றைப் படிக்குமுன் அப்பொருள் பற்றிய தம் கருத்தை எழுதிவைத்தார். பின்னரே விவாதத்தைப் படித்தார். 1897இல் வடமேற்கு எல்லைப் போரில் பங்குகொண்டு திரும்பி, மாலகண்ட் படை பற்றிய தம் முதல் நூலைப் பெங்களூரில் எழுதினார். அது 1898இல் வெளிவந்தது.

1899இல் படையை விட்டு விலகி, ஜூலையில் ஓல்டாம் இடைத்தேர்தலில் தோற்றார். அவ்வாண்டு இறுதியில் தென்னாப்பிரிக்காவில் போயர்களிடம் சிறைப்பட்டுத் தப்பியமை அவரை நாடறியச் செய்தது. 1900இல் அதே தொகுதியில் வென்று நாடாளுமன்றம் புகுந்தார்.

ஓய்வின் அடித்தளம்

காலையில் படைப்பயிற்சி, மாலையில் போலோ, இடைப்பொழுது படிப்புக்குரியது. அதிகாரிகள் மூவர் கூடி வாழ்ந்த பங்களாவில் ஒவ்வொருவருக்கும் பட்லரும் உடையுடுத்தும் பணியாளரும், குதிரைகளுக்குக் குதிரைக்காரரும் இருந்தனர். தோட்டக்காரர், தண்ணீர் சுமப்போர், சலவையாளர், காவலாளி ஆகியோர் பொதுவாக இருந்தனர். இவர்கள் அந்நூலில் தொழிலால் சுட்டப்படுகின்றனர். 1809இல் தோன்றிய தண்டில் சென்னைப் படையைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழர் மிகுதி. பட்டாளத்தின் அன்றாட வாழ்வு இத்தகைய உழைப்பாளரைச் சார்ந்தே நடந்தது.

முடிவுரை

சர்ச்சில் பெங்களூரில் கற்றது இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தையே. தம்மைச் சூழ்ந்திருந்த மக்களின் அரசியல் தகுதியை அன்று. இந்தியத் தன்னாட்சிக் கொள்கையை எதிர்த்து 1931இல் கட்சியின் தலைமைக் குழுவிலிருந்து விலகியதும், 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்ததும் இதனை உறுதிப்படுத்துகின்றன. பெங்களூர் மன்றத்தின் கணக்கேட்டில் அவர் பெயரில் 13 ரூபாய் வாராக் கடனாகப் பதிவாகியுள்ளது. அவருக்கு ஓய்வு தந்த உழைப்போ எந்தக் கணக்கிலும் இடம்பெறவில்லை. தண்டுத் தமிழரின் வரலாறு எழுதப்படும்போதே இப்பகுதி நிறைவுபெறும்.