பழைய மோட்டாரும் பார்த்துச் சொன்னவர்களும்

மோட்டார் வண்டி சென்னைப் பட்டணத்துக்குப் புதிதாக வந்திருந்த நாட்களில், அதன் எஞ்சினைப் பரீட்சித்துப் பார்த்து வாங்குவது என்ற சம்பிரதாயம் ஏற்பட்டிருக்கவில்லை. 1840 முதல் குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்றிருந்த சிம்ப்ஸன் கம்பெனியும், சீமைக் கார்களைத் தருவித்து விற்ற அடிஸன் கம்பெனியும் மவுண்ட் ரோடில் வியாபாரம் செய்துவந்த அந்தக் காலத்தில், கார் என்பது ஜமீன்தார்களுக்கும் ஹைகோர்ட் வக்கீல்களுக்கும் வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரிகளுக்கும் உரிய பொருளாக இருந்தபடியால், கைமாறுகிற வண்டியின் யோக்கியதையை அதை வைத்திருந்த மனிதரின் யோக்கியதையைக் கொண்டே அளந்தார்கள். துரை ஒருவர் உத்தியோகம் முடிந்து கப்பல் ஏறும்போது விற்றுவிட்டுப் போன வண்டி என்றால், அதற்கு மேல் விசாரணை வேண்டியிருக்கவில்லை. இந்த மனோபாவத்தின் மிச்சம் பிற்காலத்து வரி விளம்பரங்களிலும் ‘டாக்டர் வைத்திருந்த வண்டி’ என்ற வாசகமாகத் தங்கிப்போயிற்று. நாலு தெரு தள்ளி நோயாளியைப் பார்க்கப் போய், எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்துகிற ஓட்டத்தைப்போல சிலிண்டரைத் தேய்க்கக்கூடிய ஓட்டம் வேறில்லை என்பதை யோசித்தால், இந்தச் சிபாரிசு எவ்வளவு விசித்திரமானது என்பது விளங்கும்.

வண்டிக்காரரை விட்டு வண்டியைப் பார்க்க வேண்டும் என்ற புத்தி இரண்டாவது மகாயுத்தத்தினால் வந்தது என்பது என் அபிப்பிராயம். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்களும் லாரிகளும், கார்களில் சிலவும், பின்புறத்தில் ஓர் இரும்பு உலையைக் கட்டிக்கொண்டு, கரியை எரித்து, அந்த வாயுவைக் கொண்டு ஓடத் தலைப்பட்டன, மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தாரே இந்த உலைகளைச் செய்து கொடுத்தார்கள். அந்த வாயுவை எவ்வளவுதான் வடிகட்டினாலும் நுண்ணிய சாம்பலும் கீலும் அதனுடன் எஞ்சினுக்குள் போய்ச் சேர்ந்து, பிஸ்டன் ஏறி இறங்கும் உள்சுவரை அரத்தால் ராவியதுபோல் தேய்த்துவிடும். வெளியில் பார்த்தால் பளபளவென்று இருக்கும் வண்டி உள்ளே நொந்துபோயிருக்கலாம் என்ற பாடம் இவ்விதம் பொதுஜனங்களுக்குக் கிடைத்தது. யுத்தம் முடிந்து, ராணுவத்தார் கழித்துவிட்ட ஜீப்புகளும் லாரிகளும் ஏலத்துக்கு வந்தபோது, அவற்றின் பூர்வீக எஜமானர் யார் என்று கேட்பதற்கே இடமில்லை. யந்திரத்தைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

ஆயினும் இந்தக் கலை முதிர்ந்தது அதற்குப் பின் வந்த பஞ்ச காலத்திலேதான். முழுதாகக் கட்டிய கார்களின் இறக்குமதியை 1949இல் சர்க்கார் தடுத்தார்கள். உதிரிபாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்றுவந்த அந்நியக் கம்பெனிகள், இந்த நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யத் திட்டம் காட்டாவிட்டால் இடமில்லை என்று 1953இல் முடிவானபோது, ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவற்றுள் ஜனங்கள் கார் என்று கண்டவை மூன்று தொழிற்சாலைகளின் சரக்கே: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1957 முதல் வந்த அம்பாஸடர், பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் செய்த ஃபியட், நம் வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1961 முதல் செய்த ஹெரால்டு. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆதலால் உடனே கையில் கிடைக்கிற பழைய ஃபியட் புது ஃபியட்டின் கட்டுப்பாட்டு விலையைக்காட்டிலும் அதிகமாக விலைபோயிற்று என்ற விபரீதமும் நடந்தது. இப்படிப்பட்ட சந்தையில் பழுதுள்ள வண்டி என்று ஒதுக்கிவிடுவது கட்டுப்படியாகாது. எந்தப் பழுது, அது எத்தனை நாள் தாங்கும், அதற்காக விலையில் எவ்வளவு கழிக்கலாம் என்பதே கேள்வி. சோதனை செய்யப் போன மெக்கானிக் வேண்டாம் என்று சொன்ன வண்டிகள் சொற்பம். ‘எஞ்சின் வேலை வைக்கும், அதைச் சொல்லிக் குறைத்துக் கேளுங்கள்’ என்று சொன்ன வண்டிகளே மிகுதி.

அந்த மெக்கானிக்கின் சாமர்த்தியத்துக்கு ஆதாரமாக இருந்தது ஒன்று உண்டு. இந்த எஞ்சின்கள் மாறவே இல்லை. 1959 வாக்கில் அம்பாஸடருக்குள் வந்து உட்கார்ந்த 1489 சி.சி. எஞ்சின், இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற பந்தயப் பாணிக் காரையும் இழுத்த அதே குலத்தைச் சேர்ந்தது. சீமையில் அது மறக்கப்பட்ட பிறகும் இங்கே தலைமுறை தாண்டி ஓடியது. அதன் குறைகளெல்லாம் அமைப்பிலேயே இருந்தவை. நாலு சிலிண்டர்களில் நடுவிலுள்ள இரண்டுக்கும் புகை வெளியேறும் வழி ஒன்றே ஆனபடியால், அனலெல்லாம் அங்கே கூடி, அந்த இடத்து வால்வுகள் முதலில் கருகும். ஹெட் கேஸ்கட் வெடித்தாலும் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும் நடுவேதான் வெடிக்கும். கிராங்கின் பின்கோடியில் எண்ணெயைத் தடுக்க முறையான ஸீல் கிடையாது; எண்ணெயைத் திருப்பியனுப்பும் ஒரு திருகு வரைதான் உண்டு; ஆகையால் அம்பாஸடர் நிற்கிற இடத்தில் தரையில் சொட்டு இருந்தே தீரும். விஷயம் அறியாதவர் அந்தச் சொட்டைக் கண்டு பயப்படுவார். அறிந்தவரோ, சொட்டே இல்லாத அம்பாஸடரைக் கண்டால், எண்ணெய் போட்டிருக்கிறார்களா என்று குச்சியை எடுத்துப் பார்ப்பார்.

சோதனை நடந்த விதத்தைச் சற்று விவரமாகச் சொல்லலாம். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே காலையில் போய், பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது முதல் காரியம். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பத் திணறுவதை மறைக்க விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பிறகு இக்னிஷனைப் போடாமல், ஹேண்டிலை முன்னால் செருகி, கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். இரண்டு முழுச் சுற்றில் நாலு தடவை உள்ளங்கையை எதிர்த்துத் தள்ள வேண்டும். ஓரிடத்தில் தள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனால் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் இல்லை. குற்றம் ரிங்கிலா வால்விலா என்று பிரித்தறிய, அந்தப் பிளக்கைக் கழற்றி, துவாரத்தின் வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுற்றுவார்கள். எண்ணெய் இடுக்கை அடைத்து இப்போது கை எதிர்க்கப்பட்டால் ரிங்கும் போரும் தேய்ந்தவை. அப்போதும் வழுக்கினால் வால்வு கருகியிருக்கிறது. அடுத்தடுத்த நடு இரண்டும் ஒரேவிதமாக வழுக்கினால் கேஸ்கட். ஒரு கரண்டி எண்ணெயும் ஓர் இரும்பு ஹேண்டிலும் கொண்டு, எஞ்சினைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

அப்புறம் எஞ்சினைக் கிளப்பி, எண்ணெய் விடும் மூடியைத் திறந்து பார்ப்பது. அதன் வழியே புகை குப்குப்பென்று வந்தால் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும், அதாவது போர் பண்ணும், காலம் வந்துவிட்டது. எத்தனாவது போர் என்பது அடுத்த கேள்வி. பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அங்குலத்தில் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில் பெரிய பிஸ்டன்கள் கிடைத்தன. நாற்பதும் ஆன எஞ்சினுக்கு இனி ஸ்லீவ் இறக்கத்தான் வேண்டும். பின்குழாயில் நீலப் புகை எண்ணெய் எரிவது. கறுப்பு, கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் கொட்டுவது. சூடான பின்னும் ஓயாத வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே போகிறது. இவற்றை மறைக்க விற்பவரும் வழி அறிந்திருந்தார். கெட்டி எண்ணெயாக ஊற்றிவிட்டால் தட்டுகிற சத்தம் சில நாள் அடங்கும், புகையும் குறையும். அதைக் கண்டுபிடிக்கக் குச்சியில் ஒட்டிய எண்ணெயை இரு விரல்களுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பார்கள்.

ஃபியட்டின் சுபாவம் வேறு. 1089 சி.சி. கொண்ட சின்ன எஞ்சின், சுறுசுறுப்பானது. ஆனால் அதன் ஹெட் அலுமினியம். ஒருமுறை தண்ணீரின்றிக் கொதித்துவிட்டால் ஹெட் வளைந்துபோகும். ஆகவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஃபியட்டுக்கு முக்கியமான பரீட்சை. சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடுவதும் அதற்குச் சகஜம். அதற்காகப் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றி ஓட்டினார்கள். பம்பருகே சாயம் போன கந்தல் ஒன்று கட்டியிருப்பதைக் கண்டால் அதைக் குறையாக எவரும் எண்ணவில்லை.

ஹெரால்டை நான் சற்றுப் பிரியத்தோடு நினைக்கிறேன். அதன் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும், 948 சி.சி. எஞ்சின் முழுதும் கண்ணெதிரே நிற்கும். சோதிப்பவருக்கு இவ்வளவு அனுகூலமான வண்டி வேறில்லை. நாலு கதவு ஹெரால்டு என்பது இந்தியாவில் மாத்திரமே செய்யப்பட்டது. அதன் குற்றமும் மறைவானதல்ல. கிராங்க் முன்பின்னாக அசையாமல் பிடித்துவைக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்து, கடைசியில் கீழே எண்ணெய்த் தொட்டியில் விழுந்துவிடும். பிறகு கிராங்க் பிளாக்கையே அரிக்கத் தொடங்கும். இதைத் தெரிந்துகொள்ள ஒருவர் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, மற்றவர் முன்னாலிருக்கும் புல்லியைப் பார்ப்பார். மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னே நகர்ந்தால் பேரம் அங்கேயே வேறு தொகைக்கு இறங்கிவிடும்.

இதே காலத்தில் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தையே உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார்; 1970இல் வெளியான அது, பின்னால் 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று. வண்டியின் குணம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். நல்ல வண்டிக்காரர்கள் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுவார்கள். சந்தையில் மட்டமானவையே தங்கும் என்பது அதன் சாரம். நம் தேசத்துப் பெண்கள் கடை அரிசியில் கலந்துவிட்ட கற்களைப் பொறுக்குவதையும் அவர் அதிலே குறிப்பிட்டிருக்கிறார். சித்தாந்தம் சரியானதே. ஆனால் அன்றைய சென்னையில் பல கார்களின் சொந்தக்காரர் பின்ஸீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டு போனவர். எஞ்சினைப் பற்றி வாங்குபவரைக்காட்டிலும் அவருக்கு அதிகம் தெரியாது. தெரிந்தவர்கள் டிரைவரும் பட்டறைக்காரரும். வாங்குபவர் அந்த டிரைவரைத் தனியே டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போவதும், பட்டறையில் விசாரிப்பதும் அக்கர்லாஃபின் கணக்கில் வராத சங்கதிகள்.

ஆர்.சி. புத்தகத்தை எஞ்சினோடு ஒத்துப்பார்ப்பதும் இதில் ஒரு பகுதி. பெரிய அமெரிக்க வண்டிகளின் பெட்ரோல் தாகம் தாளாமல், சிம்ப்ஸன் செய்த பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினை அவற்றில் பொருத்தி டாக்ஸியாக ஓட்டிய காலம் அது. புத்தகத்தில் ஒரு நம்பரும் எஞ்சினில் வேறு நம்பரும் இருந்தால் பெயர் மாற்றும்போது ஆபீஸில் அலைய நேரும்.

ஊரறிந்த எஞ்சின் என்பதன் மதிப்பு, ஊரறியாத வண்டி வந்தபோது புலப்பட்டது. ஸ்டாண்டர்டு கம்பெனியார் 1985இல், ரோவரின் அழகான உடலுக்குள் பழைய வான்கார்டு வம்சத்து 1991 சி.சி. எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று விற்றார்கள். அந்தக் கனத்தை அது உற்சாகமாக இழுக்கவில்லை. 1988 வாக்கில் உற்பத்தியும் நின்றது. அதற்குமுன் 1983 டிசம்பர் 14ஆம் தேதி வெளிவந்த மாருதியின் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சினோ, முதலில் பொம்மை என்று பட்டறைகளில் பரிகசிக்கப்பட்டாலும், தொகை பெருகப் பெருகத் தானே பழக்கமாயிற்று. செயினுக்குப் பதில் பெல்ட் ஓடுவதையும், அதை எப்போது மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும் என்பதையும் மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டார்கள். 1993இல் லைசென்ஸ் விலகிய பிறகு, இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் மறைமலைநகரிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வருஷத்துக்கு வருஷம் புதுப் புது எஞ்சின்கள் வந்தன. ஒன்றை அறிந்துகொள்வதற்குள் அடுத்தது வந்துவிட்டது. கம்பெனிகளே பழைய வண்டிகளைச் சோதித்து விற்கத் தொடங்கின. மாருதியின் ட்ரூ வேல்யூ 2001இல் வந்தது. ஹேண்டில் இருந்த இடத்தில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. எஞ்சினின் கம்ப்யூட்டர் குறித்துவைத்த கோளாறுகளை அது படித்துச் சொல்லும். அழித்துவிட்டுக் கொண்டுவந்தால் சொல்லாது.

இந்தச் சிதறலுக்கு நடுவே ஓர் எஞ்சின் மட்டும் பழைய நிலைமையை ஓரளவுக்குத் திருப்பிக்கொண்டு வந்தது. ஃபியட் வகுத்த 1248 சி.சி. டீசல், மாருதி ஸ்விஃப்டிலும், டாட்டா விஸ்டாவிலும், ஃபியட்டின் சொந்த புன்டோவிலும் ஒன்றாகவே ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபோது மாருதி அதைக் கைவிட்டது. எண்ணெய் மாற்றுவதில் அலட்சியமாக இருந்தால் அதன் டைமிங் செயின் நீண்டு தொளதொளக்கும் என்பதும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் கலகலவென்ற சத்தமாக அது கேட்கும் என்பதும், சூடேறிய பின் மறைந்துவிடும் என்பதும் இன்று நம் ஜில்லாத் தலைநகரங்களின் பட்டறைகளில் சர்வசாதாரணமான ஞானம். அந்தச் சத்தம் கேட்ட வண்டியையும் வாங்கத்தான் செய்கிறார்கள்; செயின் செட்டின் விலையையும் கூலியையும் கூட்டி, கொஞ்சம் மேலேயும் போட்டு, மொத்தத்தில் கழித்துக் கேட்கிறார்கள்.